தட்டச்சில் ஹையர் முடித்த கைக்கு விளையாட்டு விசைகள் ஏன் பிடிபடவில்லை?

பாமணிக்கரை
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகளாகப் பத்திரங்கள் தட்டச்சு செய்யும் வேலை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் என்னும் உயர்நிலைத் தட்டச்சுத் தேர்வு முடித்தவள். வீட்டிலும் வேலை செய்ய வசதியாக ஒரு மேசைக் கணினி வாங்கினேன். விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் அதில் 'தி விட்சர் 3' விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டான்.

எனக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போவதும், வயல்மேல் காற்று ஓடுவதும், மழை வருவதற்கு முன் வானம் இருட்டுவதும் ஒவ்வொன்றும் நின்று பார்க்க வைக்கின்றன. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் சம்பா வயல் அலை அலையாகச் சாயுமே, அதே சாய்வு. நான்கு மணி நேரம் போனது தெரியவில்லை.

ஆனால் முதல் பகுதியான வொயிட் ஆர்ச்சர்டைத் தாண்ட முடியவில்லை. ஆற்றங்கரையில் வரும் நீர்ப்பிசாசுகள் இரண்டு மூன்று சேர்ந்தால் போதும், கதை முடிந்துவிடுகிறது. என் சிக்கல்கள் மூன்று.

நடப்பதற்கான டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் கை தங்குவதே இல்லை. கொஞ்சம் பதற்றம் வந்தால் விரல்கள் தாமாக இடம் மாறி, இடப்பக்கம் போக நினைத்தால் பின்னால் போகிறேன். இரண்டாவது, நடந்துகொண்டே மவுஸால் பார்வையைத் திருப்ப முடியவில்லை. ஒன்றை நிறுத்தினால்தான் மற்றொன்று வருகிறது. மூன்றாவதுதான் விளங்கவே இல்லை. சண்டை நடுவில் சில நேரம் விசைகள் எதுவும் வேலை செய்வதில்லை. சிறிது நேரம் கழித்துச் சரியாகிறது, அல்லது விளையாட்டை மூடித் திறக்க வேண்டியிருக்கிறது.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று பயிற்சி எடுத்த கை இது. பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

—

வெண்ணாற்றுத் தம்பி
வெள்ளி, இரவு 10.05

அக்கா, இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஒன்று வாங்கிவிடுங்கள். விட்சர் மாதிரி விளையாட்டுகளுக்கு அதுதான் சுகம். குச்சியைக் கொஞ்சம் சாய்த்தால் நடை, முழுக்கச் சாய்த்தால் ஓட்டம். கீபோர்டு விசையில் பாதி அழுத்தம் என்று ஒன்று கிடையாது. எட்டுத் திசைதான், அதற்கு மேல் இல்லை.

—

பாமணிக்கரை
வெள்ளி, இரவு 10.20

தம்பி, நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் எனக்குச் சோறு போடும் கருவி விசைப்பலகை. அதில் வராத ஒன்று எனக்குக் கன்ட்ரோலரில் வரும் என்று தோன்றவில்லை. இதிலேயே பழக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

—

குடந்தை வகுப்பறை
சனி, காலை 6.15

அம்மா, நான் கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தட்டச்சு சொல்லிக் கொடுத்தவன். இப்போது மகனுடன் சேர்ந்து மாலையில் விளையாடுகிறேன். உங்கள் முதல் சிக்கல் எனக்கும் இருந்தது. தட்டச்சு தெரியாத என் மகன் இரண்டு நாளில் பழகிவிட்டான், எனக்கு இரண்டு மாதம் ஆனது. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு காலம். அதன் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

முதல் நாள் வகுப்பில் என்ன அடித்தோம்? ஏ, எஸ், டி, எஃப். சுண்டுவிரல் ஏ, மோதிரவிரல் எஸ், நடுவிரல் டி, ஆள்காட்டி விரல் எஃப். பார்க்காமலே இடம் தெரிவதற்காகத்தான் எஃப் விசையிலும் ஜே விசையிலும் ஒரு சிறு மேடு வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் நம் ஆள்காட்டி விரல் அந்த மேட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது.

விளையாட்டு என்ன கேட்கிறது? மோதிரவிரல் ஏ விசையில், நடுவிரல் டபிள்யூவுக்கும் எஸ்ஸுக்கும், ஆள்காட்டி விரல் டி விசையில். அதாவது முழுக் கையும் ஒரு விசை இடப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். நிதானமாக இருக்கும்போது நகர்ந்து உட்காருகிறது. பிசாசு பாய்ந்ததும் கை தன் வீட்டுக்கே திரும்பிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பிய கையில் மோதிரவிரல் எஸ்மேல் இருக்கும். இடப்பக்கம் போக அதைத்தான் அழுத்துவீர்கள். அதனால்தான் பின்னால் போகிறீர்கள். கை தவறு செய்யவில்லை, கற்றதைச் செய்கிறது.

ஆகவே கையை நகர்த்தாதீர்கள். விசைகளை நகர்த்துங்கள். விசை அமைப்புப் பகுதியில் முன்னே செல்வதற்கு ஆங்கில இ, பின்னே டி, இடம் எஸ், வலம் எஃப் என்று மாற்றுங்கள். ஆள்காட்டி விரல் மேட்டிலேயே இருக்கும், சுண்டுவிரல் ஏ விசையில் இருந்தபடி ஷிஃப்டுக்கு இறங்கும். பெரிய எழுத்து அடிக்க நாம் எப்போதும் செய்கிற அசைவுதானே அது.

அந்த விளையாட்டில் பேச, எடுக்க, கதவு திறக்க எல்லாவற்றுக்கும் இ விசை இருக்கும். அதைக் காலியான டபிள்யூவுக்குக் கொடுத்துவிடுங்கள். மற்றவற்றில் எது எதனுடன் மோதுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்துத் தாளில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

—

அலையாத்தி
சனி, காலை 8.50

முத்துப்பேட்டையிலிருந்து. ஐயா சொன்ன காரணம் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். தீர்வில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த நான்கு விசைகள் சும்மா வந்தவை அல்ல. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு விதமாக விளையாடினார்கள், அம்புக்குறி விசைகளில் விளையாடியவர்களே நிறைய. அமெரிக்காவில் டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் 1997இல் 'குவேக்' போட்டியில் வென்று, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றார். அவர் டபிள்யூ, ஏ, எஸ், டி முறையில் விளையாடினார் என்பது தெரிந்ததும் பலர் அதைப் பின்பற்றினார்கள். இன்று ஏறக்குறைய எல்லா விளையாட்டும் இந்த அமைப்பில்தான் வருகிறது. சுற்றியிருக்கும் கியூ, இ, ஆர், ஷிஃப்ட், கன்ட்ரோல் எல்லாம் இதைச் சுற்றியே வகுக்கப்பட்டவை. இன்றைக்கு ஒரு விளையாட்டில் மாற்றிவிட்டால், நாளை ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது விசைகளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். சிலவற்றில் மாற்றவே விட மாட்டார்கள்.

எழுதும் கை வேறு, விளையாடும் கை வேறு என்று இரண்டையும் பழக்குவதே நல்லது. டி விசையில் ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டுங்கள். கை வழி தவறினால் விரல் நுனியே சொல்லிவிடும்.

—

குடந்தை வகுப்பறை
சனி, காலை 9.30

தம்பி, அவர் பகல் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் விளையாடுகிறவர். எட்டு மணி நேரப் பழக்கத்தை ஒரு மணி நேரப் பழக்கம் வெல்ல முடியாது. ஸ்டிக்கர் யோசனை நல்லது. ஆனால் வேலை நேரத்தில் அதே ஸ்டிக்கர் அவருடைய நடுவிரலைக் குழப்பும். பத்திரத்தில் ஒரு சர்வே எண் தவறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவருடைய தொழிலைத் தொடாத வழியைத்தான் நான் சொல்வேன்.

—

தவில் வீடு
சனி, மதியம் 1.10

இரண்டாவது சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், இடப்பக்கமான தொப்பியில் கழி. இரண்டு கைக்கும் வேலை வேறு, கருவி வேறு, பலம் வேறு. இரண்டையும் முதல் நாளே சேர்த்து வாசிக்க யாரும் சொல்லித் தருவதில்லை. சேர்ந்த பிறகும் மெதுவான முதற்காலத்தில் வாசித்து வாசித்துச் சலித்த பிறகே வேகம் கூடிய இரண்டாங்காலம் கொடுப்பார் என் தாத்தா. மூன்றாங்காலத்தை நானாக எடுத்து வாசித்த அன்று அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்கா, நீங்கள் சண்டையில் பழகப் பார்க்கிறீர்கள். அது மூன்றாங்காலம்.

ஊருக்கு வெளியே, எதிரிகள் இல்லாத இடத்தில் தனியாக நிற்கும் ஒரு மரத்தைப் பிடியுங்கள். முதலில் விசைகளைத் தொடாமல் மவுஸை மட்டும் அசைத்து மரத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு மவுஸைத் தொடாமல் விசைகளால் மட்டும் மரம் வரை போய், அதே வழியில் திரும்புங்கள். இவை இரண்டும் அலுத்துப்போன பிறகு மரத்தை வலம் வாருங்கள். மரம் திரையின் நடுவிலேயே இருக்க வேண்டும். இடக்கை இடப்பக்க விசையை அழுத்தியே இருக்கும், வலக்கை மவுஸை மெல்ல வலப்பக்கம் தள்ளிக்கொண்டே வரும். மவுஸ் பின்தங்கினால் மரம் நழுவும், முந்தினாலும் நழுவும். இரண்டு கையும் ஒரே வேகத்தில் வந்து சேரும்போது மரம் அசையாமல் நிற்கும், உலகம் சுற்றும். அந்தக் கணம் உங்களுக்கே தெரியும்.

நேராக வலம் வந்து பழகியதும் எதிர்த்திசையிலும் செய்யுங்கள். நாளைக்குப் பத்து நிமிடம் போதும். கை வலித்தால் நிறுத்திவிடுங்கள், வலியுடன் பழகினால் அந்த இறுக்கமும் சேர்ந்து பழகிவிடும்.

—

டில்லர் ஓட்டி
சனி, மாலை 5.45

தவில் வீட்டு அண்ணன் சொன்னதை நான் வண்டி ஓட்டிக் கற்றேன். நான் ஆடுவது ஜி.டி.ஏ. 5, அதாவது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5'. கணினிக்கு 2015இல் வந்தது, இன்றும் அலுக்கவில்லை. நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குப் பவர் டில்லர் உண்டு. அதில் ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு கைப்பிடியின் கீழும் ஒரு கிளட்ச் இருக்கும். இடப்பக்கம் பிடித்தால் அந்தச் சக்கரம் விடுபட்டு வண்டி இடப்பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டுபவன் அதைப் பிடித்தபடியே இருப்பான், வண்டி வரப்பில் ஏறிவிடும். தெரிந்தவன் பிடித்துப் பிடித்து விடுவான்.

கீபோர்டில் கார் ஓட்டுவதும் அப்படியே. ஏ, டி விசைகளுக்கு அழுத்தியது, விடுவித்தது என்ற இரண்டு நிலைதான். வளைவில் அழுத்திப் பிடிக்காதீர்கள், தட்டித் தட்டி விடுங்கள். வளைவுக்கு முன்பே டபிள்யூவை விட்டுவிடுங்கள். ஸ்பேஸ் விசை கைபிரேக், அதைச் செங்குத்தான திருப்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. நம் ஊரில் ஓட்டிய பழக்கத்தில் நான் முதல் வாரம் முழுக்க எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். குறுக்குச் சாலையில் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் தலைகாட்டும்.

விமானம் ஓட்ட வலப்பக்க எண் விசைகள் வேண்டும், 8, 5, 4, 6. எண் பலகை இல்லாத மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அவற்றை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். நடுவானில் தேடக் கூடாது.

—

இடக்கைப் பழக்கம்
சனி, இரவு 8.00

என்னைப் போல் இடக்கையால் மவுஸ் பிடிப்பவர்கள் யாராவது படித்தால், ஐ, ஜே, கே, எல் விசைகளை முயன்று பாருங்கள். வலக்கை அங்கே இயல்பாக உட்காரும், வலப்பக்க ஷிஃப்டும் என்டரும் சுண்டுவிரலுக்கு எட்டும். பள்ளியில் என் கையை மாற்றச் சொன்னார்கள். இங்கே யாரும் மாற்றச் சொல்வதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

—

பாமணிக்கரை
திங்கள், இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி விசைகளை மாற்றினேன். மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. கீழே குனிந்து பார்ப்பது நின்றுவிட்டது. அதுவே எனக்குப் பாதி வெற்றி. மரத்தை வலம் வருவது இன்னும் வரவில்லை, நான்கு அடிக்கு ஒருமுறை மரம் நழுவுகிறது. மவுஸை நான் ஒரே அளவு நகர்த்தினாலும் சில நேரம் பார்வை அதிகமாகத் திரும்புகிறது, சில நேரம் குறைவாகத் திரும்புகிறது.

மூன்றாவது சிக்கலைக் கவனித்துப் பார்த்தேன். ஷிஃப்டை அழுத்தியபடி பலமாக வெட்டிவிட்டு, உடனே விலகுவதற்கு ஆல்ட் அழுத்தும்போதுதான் அப்படி ஆகிறது. எப்போதும் அல்ல, ஆனால் ஆகும்போதெல்லாம் அந்த இடத்தில்தான்.

—

அலையாத்தி
திங்கள், இரவு 10.55

அக்கா, கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் கணினியில் தமிழ் உள்ளீடும் ஆங்கிலமும் இருக்கிறதல்லவா? இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் விண்டோஸ் உள்ளீட்டு மொழியை மாற்றும். வெட்டிவிட்டு விலகும் நொடியில் ஷிஃப்டை விடுவதற்கு முன் ஆல்ட் விழுகிறது. கணினி தமிழுக்குப் போய்விடுகிறது. மறுபடி தற்செயலாக அதே இரண்டும் சேர்ந்தால் ஆங்கிலத்துக்குத் திரும்பி, தானாகச் சரியானதுபோல் தெரிகிறது. எனக்கும் இது நடந்தது. ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்யும் மென்பொருள் வைத்திருந்தேன். பரிந்துரைப் பெட்டி விசைகளை எல்லாம் தானே வாங்கிக்கொண்டு, விளையாட்டுக்கு எதையும் விடவில்லை.

விண்டோஸ் அமைப்புகளில் விசைப்பலகையின் மேம்பட்ட பகுதிக்குப் போங்கள். உள்ளீட்டு மொழிக்கான குறுக்கு விசை என்று இருக்கும். அதில் ஆல்ட், ஷிஃப்ட் சேர்க்கையை நீக்கிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போதும், உங்கள் வேலைக்கு இடைஞ்சல் வராது. கூடவே ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் எழும் ஒட்டு விசைப் பெட்டியையும் அணுகல் வசதிகளில் அணைத்துவிடுங்கள். ஜி.டி.ஏ.வில் வேகமாக ஓட ஷிஃப்டைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே அது பெரும் தொல்லை.

பார்வை சீராகத் திரும்பாததற்கு, மவுஸ் அமைப்பில் சுட்டியின் துல்லியத்தை மேம்படுத்தும் தேர்வை எடுத்துவிடுங்கள். கையின் வேகத்தைப் பொறுத்து தூரத்தைக் கூட்டிக் குறைப்பது அது. எழுதும் வேலைக்கு உதவும், விளையாட்டில் கையை ஏமாற்றும்.

விசை மாற்றும் விஷயத்தில் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது என்று இப்போது புரிகிறது. ஐயா சொன்னதே சரி.

—

குடந்தை வகுப்பறை
செவ்வாய், காலை 6.00

தம்பி சொன்ன மவுஸ் தேர்வை எடுத்த பிறகு வேகத்தை ஒருமுறை அமைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மவுஸ் அட்டையின் இடக் கோடியிலிருந்து வலக் கோடி வரை மவுஸைத் தள்ளினால் பார்வை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த அளவு ஆரம்பத்துக்குப் போதும். அமைத்த பிறகு இரண்டு வாரம் அதைத் தொடவே தொடாதீர்கள். தினமும் அளவை மாற்றினால் கை எதைக் கற்கும்? என் மாணவர்களில் வாரம் ஒரு மெஷின் மாற்றி உட்கார்ந்தவர்கள்தான் கடைசிவரை தடுமாறினார்கள்.

அந்த விளையாட்டின் அமைப்புகளில் நடையின் வகையை மாற்றும் தேர்வு ஒன்றும் உண்டு. 2015இலேயே ஒரு புதுப்பிப்பில் சேர்த்தார்கள். மாற்று வகையை எடுத்தால் விசையை விட்டதும் நாயகன் சட்டென்று நிற்பான். கரை ஓரத்தில் நடக்கும்போது அருமை தெரியும்.

—

மடிக்கணினி மாணவன்
செவ்வாய், இரவு 7.20

நான் மடிக்கணினியின் தொடுபலகையில் விளையாடுகிறேன். டபிள்யூவை அழுத்தியிருக்கும்போது தொடுபலகை வேலையே செய்வதில்லை. பழுதா?

—

அலையாத்தி
செவ்வாய், இரவு 7.35

பழுது இல்லை தம்பி. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுச் சுட்டி ஓடக் கூடாது என்பதற்காகக் கணினியே அதைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கிறது. தொடுபலகை அமைப்பில் உணர்திறனை மிக அதிகம் என்று வைத்தால் குறையும். ஆனால் விலை குறைந்த மவுஸ் ஒன்று வாங்கிவிடுவதே நல்லது. தொடுபலகையில் இந்த விளையாட்டுகளைப் பழக முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

அப்படியே விசைப்பலகையையும் சோதியுங்கள். நோட்பேடைத் திறந்து, நடக்கும் விசைகளில் இரண்டைப் பிடித்தபடி பக்கத்தில் உள்ள மூன்றாவது ஒன்றை அழுத்துங்கள். எழுத்து விழவில்லை என்றால் அந்தச் சேர்க்கையை உங்கள் பலகையால் உணர முடியவில்லை என்று பொருள். சாதாரண அலுவலகப் பலகைகள் பலவற்றில் இது உண்டு. அந்த வேலையை வேறு விசைக்கு மாற்றினால் போதும், புதிது வாங்க வேண்டியதில்லை.

—

பாமணிக்கரை
ஞாயிறு, இரவு 9.15, மூன்று வாரங்களுக்குப் பின்

இழையைத் தொடங்கியவள் நான் என்பதால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மொழி மாற்றும் குறுக்கு விசையை நீக்கியதிலிருந்து விசைகள் ஒருமுறைகூடச் செயலிழக்கவில்லை. வெட்டு, விலகல், வெட்டு என்று அந்த இரண்டு விசைகளையும் பயமின்றி அழுத்துகிறேன்.

மரத்தை விட்டுவிட்டு ஓர் ஆலைக்கருகே இருந்த குளத்தைப் பிடித்தேன். எங்கள் ஊர் ஹரித்ரா நதி என்னும் தெப்பக்குளத்தின் நான்கு கரையையும் சிறு வயதிலிருந்து சுற்றி வந்தவள் நான். அங்கே நடக்கும்போது நடு மண்டபம் கண்ணை விட்டுப் போகாது. அப்படி நினைத்துக்கொண்டு சுற்றினேன். ஒன்பதாம் நாள் இரவு, நீருக்கு நடுவில் நின்ற ஒரு பட்ட மரம் திரையில் அசையாமல் நின்றது. தவில் வீட்டுத் தம்பி சொன்ன அதே கணம். மவுஸை நான் தள்ளுகிறேன் என்ற நினைப்பே இல்லை. எழுந்து போய் அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, இன்னொரு சுற்று வரச் சொன்னார்.

நடுவில் ஒரு நாள் மழையில் மின்சாரம் போய் இரண்டு மணி நேர ஆட்டம் அழிந்தது. எஃப் 5 அழுத்தினால் அந்த இடத்திலேயே சேமிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐப்பசி அடைமழைக்கு முன் நம் பக்கத்தவர்கள் எல்லோரும் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

குதிரையில் போகும்போது சாலை மேல் ஷிஃப்டைப் பிடித்து, திசை விசைகளை விட்டுவிட்டால் குதிரை பாதையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் மவுஸால் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டே போகலாம். நான் இந்த விளையாட்டை விரும்பியது இதற்காகத்தான், இப்போதுதான் அது கைக்கு வந்திருக்கிறது.

ஆற்றங்கரைப் பிசாசுகளை நேற்று முடித்தேன். இன்று கழுகுத் தலைச் சிங்கத்திடம் இரண்டு முறை தோற்றேன். அது மேலே பறக்கும்போது மவுஸை எவ்வளவு தூக்குவது என்று தெரியவில்லை, கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அதற்கு என்ன பயிற்சி?

—

தவில் வீடு
ஞாயிறு, இரவு 9.40

கிராமத்துக் கூரைகளின் மேல் பறவைகள் சுற்றும், பார்த்திருப்பீர்கள். ஒரே இடத்தில் நின்று அவற்றில் ஒன்றை மவுஸால் தொடருங்கள் அக்கா. நடக்க வேண்டாம், இப்போதைக்கு வலக்கை மட்டும்.